நண்பரின் தவறை அவரிடமே சொல்வது எப்படி: எது முதலில், எது பிறகு

நண்பரைத் திருத்தப் போகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது வரிசையில்தான். சொல்ல வேண்டியதை வேறு யாரிடமோ முதலில் சொல்லிவிடுகிறார்கள். உரியவரிடம் போய்ச் சேரும்போது விஷயம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் கிளம்பி கிள்ளான் வரை போயிருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டி முழுவதும் வரிசைப்படியே போகிறது. ஒரு படியை விட்டுவிட்டு அடுத்ததற்குத் தாவ வேண்டாம்.

பேசுவதற்கு வசதியாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். உங்கள் நண்பர் கிறிஸ்தவ சபையில் நான்கு பேரிடம் 200, 300 வெள்ளி (ரிங்கிட்) என்று கைமாற்று வாங்கியிருக்கிறார். "சம்பளம் வந்ததும் தர்றேன்" என்கிறார், தருவதில்லை. அந்த நால்வரில் நீங்களும் ஒருவர்; உங்களுக்கு 300 வெள்ளி தர வேண்டும். நாலு நம்பர் (நான்கு இலக்க லாட்டரி) கடையில் அவரை நீங்களே இரண்டு முறை பார்த்தீர்கள்.

1. இது சொல்ல வேண்டிய விஷயமா என்று முதலில் பிரியுங்கள்

நீதிமொழிகள் 17:9 "குற்றத்தை மூடுகிறவன் சிநேகத்தை நாடுகிறான்" என்கிறது. லேவியராகமம் 19:17 பிறனைக் கடிந்துகொள்ளச் சொல்கிறது. இரண்டும் வேதம்தான். எதை மூடுவது, எதைத் திறப்பது என்று பிரிப்பதே முதல் வேலை.

கூட்டத்துக்குத் தாமதமாக வருவது, சத்தமாகப் பேசுவது, உங்கள் பிறந்தநாளை மறந்தது: இவற்றை மூடுங்கள். மூடுவது என்றால் மறுபடி எடுக்காமல் இருப்பது. மனதில் பதிந்து வைத்திருந்து ஆறு மாதம் கழித்து ஒரு சண்டையில் எடுத்து வீசுகிறவர் எதையும் மூடவில்லை.

அந்தச் செயல் அவரையோ அவர் வீட்டாரையோ கெடுக்கிறது, திரும்பத் திரும்ப நடக்கிறது, நீங்களே கண்ணால் பார்த்தீர்கள் என்றால் சொல்லியே ஆகவேண்டும். நம் உதாரணத்தில் மூன்றும் இருக்கின்றன.

ஒரு முக்கியமான விலக்கு. வீட்டில் அடி உதை, பிள்ளைகளிடம் அத்துமீறல், உயிரை மாய்த்துக்கொள்வதாகப் பேச்சு: இவற்றுக்கு இந்த வழிகாட்டி பொருந்தாது. "முதலில் தனியாகப் பேசிப் பார்ப்போம்" என்று தாமதித்தால் ஆபத்தில் இருப்பவருக்கு ஆபத்து கூடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்றால் 999. மற்றபடி அடி உதைக்கும் பிள்ளைகள் விஷயத்துக்கும் 24 மணி நேரமும் இயங்கும் அரசு உதவித் தொலைபேசி, தாலியான் காசிஹ் 15999. இதை, முதலில் தனியாகப் போய்ப் பேசச் சொல்லும் மத்தேயு 18-ஐக் காட்டி யாராவது தடுத்தால் கேட்காதீர்கள். அந்த அதிகாரமே சிறியவரைப் பாதுகாப்பதில்தான் தொடங்குகிறது. அவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் எந்திரக்கல்லை (மாவரைக்கும் கல்) கட்டிக் கடலில் அமிழ்த்துவது நலம் என்பது அதன் 6-ஆம் வசனம்.

2. ஒரு தாளில் மூன்று பகுதி

போவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்றாகப் பிரியுங்கள். நான் பார்த்தது, நான் கேள்விப்பட்டது, நான் நினைத்துக்கொண்டது. எல்லாவற்றையும் அந்தந்த இடத்தில் எழுதுங்கள்.

நம் உதாரணத்தில் "பார்த்தது" பகுதியில் இரண்டே வரி நிற்கும்: 300 வெள்ளி வாங்கி இரண்டு தவணை தவறியது; நம்பர் கடையில் இரண்டு முறை. மற்ற மூவரிடம் வாங்கியது கேள்விப்பட்டது. "பெண்டாட்டிக்குத் தெரியாது போல", "ஆலோங்கிடமும் (உரிமமில்லாத வட்டிக்காரர்) வாங்கியிருப்பான்" என்பவை நினைத்துக்கொண்டவை. இப்போது இரண்டாவது, மூன்றாவது பகுதிகளை அடித்துவிடுங்கள். பேசப் போகும்போது முதல் பகுதி மட்டுமே உங்களோடு வரவேண்டும்.

ஏன் இத்தனை கண்டிப்பு? கேள்விப்பட்டதில் ஒன்று பொய்யாகப் போனால், அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் பார்த்த இரண்டையும் அவர் மறுப்பார். "யார் சொன்னா? அதைச் சொல்லு முதல்ல" என்று பேச்சு திரும்பிவிடும். அதற்குப் பிறகு நீங்கள் ஆள் காட்டிக் கொடுப்பதா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருப்பீர்கள்.

வேலை முடிந்ததும் தாளைக் கிழித்துப் போடுங்கள். கைப்பேசியில் எழுத வேண்டாம்.

3. உங்கள் கண்ணில் உள்ள உத்திரம்

மத்தேயு 7:5-ஐப் பலர் "யாரையும் திருத்தாதே" என்று வாசிக்கிறார்கள். வசனத்தை முடிவு வரை வாசியுங்கள். முதலில் உன் உத்திரம், "பின்பு" சகோதரன் கண்ணில் இருக்கும் துரும்பு. துரும்பை எடுக்க வேண்டாம் என்று இயேசு சொல்லவில்லை. கண்ணில் விழுந்ததை எடுக்க நன்றாகத் தெரியும் கண் வேண்டும், நடுங்காத கை வேண்டும்.

செயலில் இது இப்படி: அந்த நண்பருக்கு நீங்கள் செய்த தவறு ஏதாவது பாக்கி இருக்கிறதா? அவரைப் பற்றி யாரிடமாவது இளக்காரமாகப் பேசியிருக்கிறீர்களா? இருந்தால் அதை முதலில், தனியாக, வேறொரு நாளில் தீர்த்துவிடுங்கள். மன்னிப்பையும் திருத்தத்தையும் ஒரே உட்காரலில் வைத்தால், மன்னிப்பு வெறும் முன்னுரையாகத் தெரியும்.

கோபம் இருந்தால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளாதீர்கள். அதற்குப் பிறகு உங்களுக்குள் ஒரு வழக்கு உருவாகி, சாட்சிகளைத் தேட ஆரம்பித்துவிடுவீர்கள். அந்த நாட்களில் ஜெபம் செய்யும்போது அவருடைய தவறுக்காக மட்டும் ஜெபிக்காமல், அவர் வேலை, பிள்ளைகளின் படிப்பு, அவர் அம்மாவின் சர்க்கரை வியாதி என்று பெயர் சொல்லி ஜெபியுங்கள். நேரில் உட்காரும்போது உங்கள் குரலில் அது தெரியும்.

4. "ஜெபக் குறிப்பு" என்ற பொறி

வழக்கமாக விழும் குழி இது. வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் "ஒரு பிரதருக்காக ஜெபிச்சுக்குங்க, பேரு வேண்டாம், பணக் கஷ்டம், சில பழக்கம் இருக்கு" என்று சொல்லிவிடுகிறோம். உட்கார்ந்திருக்கும் பன்னிரண்டு பேரில் பாதிப்பேர் சொந்தக்காரர்கள். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் யார் என்று தெரிந்துவிடும்.

மத்தேயு 18:15 தெளிவாகச் சொல்கிறது: "அவனிடத்தில் போய், நீயும் அவனும் தனித்திருக்கையில், அவன் குற்றத்தை அவனுக்கு உணர்த்து." முதல் சந்திப்பில் இரண்டு பேர். மூன்றாவது ஆள் கணவனோ மனைவியோ ஆனாலும் கூடாதா என்று கேட்பார்கள். கூடாது என்பதே எங்கள் எண்ணம். உங்கள் மனைவி அவர் மனைவியை ஞாயிற்றுக்கிழமை பார்ப்பார்; முகமே சொல்லிவிடும்.

உண்மையில் வழி தெரியாமல் ஆலோசனை வேண்டும் என்றால், போதகரிடமோ ஃபாதரிடமோ கேளுங்கள். அவருக்கு அந்த நண்பரைத் தெரியும் என்றால், வேறு ஊரில் உள்ள நம்பிக்கையான ஒருவரிடம் கேளுங்கள். "என்ன செய்யலாம்" என்று மட்டும் கேட்டு நிறுத்துங்கள்.

5. இடமும் நாளும்

சபைக்குப் பக்கத்து மாமாக் கடை (தேநீர்க் கடை) வேண்டாம். தே தாரிக் வருவதற்குள் மூன்று பேர் வந்து தோளைத் தட்டிவிட்டுப் போவார்கள். அவர் வீடும் வேண்டாம். பிள்ளைகள் காதில் விழும். ஓடும் காரிலும் வேண்டாம். இறங்கிப் போக வழியில்லாத இடத்தில் ஒருவரைத் திருத்தினால் அவர் கேட்கவில்லை, மாட்டிக்கொண்டிருக்கிறார். பட்டர்வொர்த் ஃபெரியில் பேசலாம் என்று நினைப்பவர்களுக்கும் அதே பதில். கால் மணி நேரத்தில் கரை வந்துவிடும், பாதிப் பேச்சில் இறங்க வேண்டியதாகும்.

நடக்கும் இடமே நல்லது. கோலாலம்பூரில் தித்திவங்சா ஏரிக்கரை, பினாங்கில் தண்ணீர்மலைப் பூங்கா. பக்கத்தில் பக்கத்தில் நடக்கும்போது முகத்தை நேருக்கு நேர் பார்க்க வேண்டியதில்லை. வெட்கப்படுகிறவருக்கு அது பெரிய உதவி. பேச்சு நின்றாலும் கால் நடந்துகொண்டிருக்கும், மௌனம் உறுத்தாது. கண் கலங்கினால் மரத்தைப் பார்க்கலாம்.

நாளையும் பாருங்கள். வழக்கமான நாலு நம்பர் குலுக்கல் புதன், சனி, ஞாயிறு. அந்த மாலைகளில் அவர் மனம் குலுக்கல் முடிவிலேயே இருக்கும். திங்களோ வியாழனோ பாருங்கள். ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள், பசியோடு போகாதீர்கள். யோவான் 21-இல் இயேசு பேதுருவிடம் "என்னில் அன்பாயிருக்கிறாயா" என்ற கடினமான கேள்வியைக் கேட்டது காலைச் சாப்பாடு முடிந்த பிறகுதான்.

அழைக்கும்போது "உன்கிட்ட முக்கியமான விஷயம் பேசணும்" என்று வாட்சாப்பில் போட்டுவிட்டு நான்கு நாள் காத்திருக்க வைக்காதீர்கள். அந்த நான்கு நாளும் அவர் தூங்கமாட்டார். "நாளைக்குச் சாயங்காலம் நடக்கப் போலாமா, கொஞ்சம் பேசணும்" போதும். விஷயத்தையே வாட்சாப்பில் எழுதுவது பெரிய தவறு. குரல்பதிவு அதைவிடத் தவறு. ஒரே தட்டில் நாற்பது பேருக்குப் போகும்.

6. வாய் திறக்கும் முதல் நிமிடம்

பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டு ஆரம்பிக்காதீர்கள். அவருக்கு அது வலை விரித்ததுபோல் இருக்கும். நடக்க ஆரம்பித்த சில நிமிடங்களில் சொல்லிவிடுங்கள். இப்படி:

"மச்சான், ஒரு விஷயம் சொல்லணும், சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. என்ன ஆனாலும் நான் உன்கூடத்தான் இருப்பேன். மார்ச்சுல என்கிட்ட 300 வெள்ளி வாங்கின, ரெண்டு தடவை தேதி சொன்ன, வரல. போன வாரம் ரெண்டு தடவை நம்பர் கடையில உன்னைப் பாத்தேன். எனக்குப் பயமா இருக்குடா. என்ன நடக்குது?"

இவ்வளவுதான். அரை நிமிடம்கூட ஆகாது. வருவது கடினமானது என்று முதலில் சொல்லிவிட்டதால் அவர் தயாராகிறார். அடுத்தது, உறவு இதோடு முடியாது என்ற உறுதி. அது இல்லாமல் எதையும் கேட்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. பிறகு தாளில் இருந்த இரண்டு வரி, கூட்டாமல் குறைக்காமல். கடைசியில் கேள்வி. "உனக்குச் சூதாட்டப் பழக்கமா?" என்று கேட்டால் பதில் இல்லை என்றே வரும். "என்ன நடக்குது" என்றால் அவர் கதையை அவர் சொல்லலாம்.

ஒரு சிறிய விஷயம், ஆனால் தமிழில் பெரியது. இத்தனை நாள் "நீ", "டா" என்று பேசியவரிடம் அன்றைக்கு மட்டும் "நீங்க" என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த ஒரு சொல்லிலேயே நீங்கள் விலகி நின்றுவிட்டது அவருக்குத் தெரியும். நடுவில் ஆங்கிலத்துக்குத் தாவுவதும் அப்படியே. நமக்கு வசதியாக இருக்கும், அவருக்கு ஆபீஸ் கடிதம் வாசித்ததுபோல் இருக்கும்.

கூடாத வார்த்தைகள் சில. "எல்லாரும் உன்னைப் பத்திப் பேசுறாங்க": எல்லாரும் என்று வந்ததும் அவர் தனி ஆளாகிவிடுகிறார், அடுத்த வாரம் ஆராதனைக்கு வரமாட்டார். "நீ எப்பவுமே இப்படித்தான்": இது செயலை விட்டு ஆளைத் தாக்குகிறது. "ஒரு கிறிஸ்தவனா இருந்துக்கிட்டு" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. எல்லாவற்றையும்விட மோசம், "கர்த்தர் எனக்கு உன்னைப் பத்திக் காட்டினார்" என்பது. நம்பர் கடையில் உங்கள் கண்தான் பார்த்தது. அதைக் கர்த்தர் மேல் ஏற்றினால் அவர் பதில் சொல்லும் உரிமையைப் பறிக்கிறீர்கள்.

வசனம் சொல்லலாமா? முதல் சந்திப்பில் வேண்டாம். பிறன் மனைவியை எடுத்துக்கொண்ட தாவீது ராஜாவிடம் போன நாத்தான் தீர்க்கதரிசி கட்டளைகளை எடுத்து வாசித்துத் தொடங்கவில்லை. ஓர் ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றிச் சொன்னான், தீர்ப்பைத் தாவீதே சொன்னான் (2 சாமுவேல் 12). அதன்பின் நாத்தான் விலகிப் போகவும் இல்லை. தாவீது கிழவனாகிக் கிடந்த நாட்களிலும் அவன் அறைக்குள் வந்து பேசுகிறவன் அதே நாத்தான் (1 இராஜாக்கள் 1). நண்பர் மனம் திறந்த பிறகு, அவரே கேட்டால், சங்கீதம் 32-ஐச் சேர்ந்து வாசியுங்கள்.

7. கேள்வி கேட்டாயிற்று, இனிப் பேசாதீர்கள்

பதில் உடனே வராது. பத்து வினாடி மௌனம் பத்து நிமிடமாகத் தெரியும். புதியவர்கள் இந்த இடத்தில் பயந்து, "இல்ல, பெரிய விஷயம் இல்ல, விடு" என்று தாங்களே மூடிவிடுகிறார்கள். நடந்துகொண்டே இருங்கள். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" (நீதிமொழிகள் 18:13). அவர் நம்பர் கடைக்குப் போனது முதலாளிக்காகச் சீட்டு வாங்கவாக இருக்கலாம். 300 வெள்ளி அம்மாவின் டயாலிசிஸுக்குப் போயிருக்கலாம். அப்படியானால் மன்னிப்புக் கேட்க வேண்டியவர் நீங்கள், அங்கேயே கேளுங்கள்.

அவர் கோபப்பட்டு, "நீ மட்டும் ஒழுங்கா?" என்று உங்கள் தவறு ஒன்றை எடுத்துப் போட்டால் வாதாடாதீர்கள். உண்மை என்றால் "ஆமா, அது தப்புதான், அதையும் பேசுவோம்" என்று சொல்லி நிறுத்துங்கள்.

அதிகம் ஏமாற்றுவது உடனடிச் சம்மதம். "சாரி லா, இனிமே செய்யமாட்டேன்" என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவார். நாமும் நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிடுவோம். அது பெரும்பாலும் பேச்சை முடிக்கச் சொன்னதுதான். மெதுவாக ஒன்று கேளுங்கள்: "சரிடா. மொத்தம் எவ்வளவு இருக்கு?" தொகை வெளியே வந்தால்தான் கதவு திறந்திருக்கிறது.

8. அடுத்த வசனத்தையும் சேர்த்துச் செய்யுங்கள்

கலாத்தியர் 6:1 சாந்தமுள்ள ஆவியோடு "சீர்பொருந்தப்பண்ணுங்கள்" என்கிறது. அங்கே உள்ள கிரேக்க வினைச்சொல்தான் மத்தேயு 4:21-இல் யாக்கோபும் யோவானும் வலைகளைப் பழுதுபார்த்ததற்கும் வருகிறது. பினாங்கில் தெலுக் பாஹாங் பக்கம் வலை பின்னுகிறவர்களைப் பார்த்தால் இது புரியும். வலையை விரித்து, கிழிசல் எதுவரை போகிறது என்று முதலில் பார்ப்பார்கள். பிய்ந்த நூலை நறுக்கிச் சீராக்கிவிட்டு, ஒவ்வொரு கண்ணாக முடிச்சுப் போடுவார்கள். ஒரு பெரிய முடிச்சாகச் சேர்த்து இழுத்துக் கட்டினால் வலை சுருங்கிவிடும்.

உடனே அடுத்த வசனம்: "ஒருவர் பாரத்தை ஒருவர் சுமந்து." சுமக்க மனமில்லாதவர் முதல் வசனத்தைச் செய்யப் போகாமல் இருப்பது நல்லது. தவறைச் சொல்லிவிட்டு வருவது ஒரு மணி நேர வேலை. பாரத்தைச் சுமப்பது ஆறு மாத வேலை.

நம் உதாரணத்தில் சுமப்பது என்றால் இவை. அவரோடு உட்கார்ந்து யாருக்கு எவ்வளவு என்று ஒரு பட்டியல். சிறிய கடனிலிருந்து மாதம் 50 வெள்ளி என்றாலும் தேதி போட்டுத் திருப்புவது. சம்பள நாளன்று சாயங்காலம் ஒரு போன். வங்கிக் கடனும் கிரெடிட் கார்டும் இருந்தால் பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கிய ஏகேபிகே (கடன் ஆலோசனை நிறுவனம்) அலுவலகத்துக்கு அவரோடு போங்கள். கடன் ஆலோசனை அங்கே இலவசம். ஆலோங் கடனைச் சீரமைப்பது அவர்கள் வேலையில் சேராது. மிரட்டல் வந்தால் போலீஸ் புகார்தான் வழி.

செய்யக் கூடாதவையும் உண்டு. கையில் பணமாகக் கொடுக்காதீர்கள். உதவ வேண்டும் என்றால் மின்சாரக் கட்டணத்தை நீங்களே கட்டிவிடுங்கள். ஜாமீன் கையெழுத்துப் போடாதீர்கள். சபையில் நாலு பேர் சேர்ந்து கூட்டு (மாதாமாதம் பணம் போட்டு ஒவ்வொருவராக எடுக்கும் சீட்டு) போட்டு முதல் ஏலத்தை அவருக்குத் தரலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். கூட்டு நடத்துவதை 1971-ஆம் ஆண்டின் சட்டமே தடை செய்கிறது. மேலும் கடன்பட்டவரை இன்னொரு தவணையில் மாட்டுவது உதவியாகாது.

அவர் மறுபடி சறுக்கக்கூடும். அப்போது 6-ஆம் படியிலிருந்து மறுபடியும். மத்தேயு 18-இல் இந்தப் பகுதி முடிந்ததுமே பேதுரு, மன்னிப்பது "எத்தனைதரம்" என்று கேட்டது சும்மா இல்லை.

9. கேட்கவே இல்லை என்றால்

ஒருமுறை மறுத்தால் இரண்டு மூன்று வாரம் விட்டு, இன்னொரு முறை தனியாகவே போங்கள். முதல் நாளில் வெட்கம் பேசியிருக்கும். அதற்குப் பிறகுதான் மத்தேயு 18:16 சொல்லும் ஒன்றிரண்டு பேர்.

யாரை அழைப்பது? உங்கள் பக்கம் பேசக்கூடியவரை அல்ல, அவர் மதிக்கும் ஒருவரை. நீங்கள் சொன்னது தவறு என்றால் உங்களையும் திருத்தக்கூடியவராக இருக்க வேண்டும். சாட்சி இரு பக்கத்துக்கும்தான். கடன் கொடுத்த மூவரையும் கூட்டிக்கொண்டு போகாதீர்கள், அது வசூல்.

அதுவும் பலிக்காவிட்டால் சபைத் தலைமை. 17-ஆம் வசனம் "அஞ்ஞானியைப்போலவும் ஆயக்காரனைப்போலவும்" என்று முடிவதைப் படித்துவிட்டு உறவை அறுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. இந்த வசனம் வரும் சுவிசேஷத்தின் பெயரே ஓர் ஆயக்காரனுடையது (வரி வசூலிப்பவர்). ஆயக்காரரோடு இயேசு பந்தியிருந்தார். பொறுப்பிலிருந்து, பணம் கையாளும் இடத்திலிருந்து அவரை விலக்குங்கள். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு அழைப்பதை விலக்காதீர்கள்.

10. மூத்தவர், வேறு மதத்தவர்

உங்களைவிடப் பத்து வயது மூத்த அண்ணனிடம் 6-ஆம் படியில் சொன்ன மாதிரி பேச முடியாது. 1 தீமோத்தேயு 5:1 முதிர்வயதுள்ளவரைத் தகப்பனைப்போல் நினைத்துப் புத்திசொல்லச் சொல்கிறது. "அண்ணே, எனக்கு ஒரு குழப்பம், நீங்கதான் தெளிவாக்கணும்" என்று கேள்வியாக வையுங்கள். உண்மை குறையவேண்டாம், குரல் மட்டும் தாழட்டும்.

இந்து நண்பரிடமோ முஸ்லிம் நண்பரிடமோ வரிசை மாறாது. வேத வசனத்தை மட்டும் விட்டுவிடுங்கள். மதம் மாற்ற வந்தான் என்ற எண்ணம் ஒரு கணம் எழுந்தாலும் 300 வெள்ளிப் பேச்சு மறைந்துபோகும்.

11. உங்களிடம் ஒருவர் வந்தால்

இதே வரிசையில் ஒருநாள் உங்களிடமும் ஒருவர் வருவார். அவர் வரிசை தெரியாதவராக, சபை வாசலில், நாலு பேர் முன்னால் சொல்லலாம். சொன்ன விதத்தில் உள்ள தப்பைப் பிடித்துக்கொண்டு விஷயத்திலிருந்து நழுவுவது எளிது. "நீ சொன்னதை யோசிக்கிறேன், வியாழக்கிழமை நடக்கப் போவோமா?" என்று கேளுங்கள். வீட்டுக்கு வந்து அதேபோல ஒரு தாளை எடுத்து, அவர் சொன்னதில் உண்மையானதை மட்டும் எழுதுங்கள். வியாழக்கிழமை அதைக் கையோடு கொண்டுபோங்கள்.